மருந்துப் பெட்டி தூக்கறவனை யார் கொன்னது?

போன வாரம் எங்க வாட்ஸப் குழுவுல மறுபடியும் அந்தச் செய்தி சுத்துச்சு. குழுன்னா, இந்த வடக்கத்தி ஊருக்குப் பொழைக்க வந்த நாப்பதுச் சொச்சம் தமிழ்க் குடும்பம். இட்லி அரிசி எந்தக் கடையில வந்திருக்கு, ரயில்ல வர்றவங்க யாராவது முருங்கைக்காய் கொண்டு வர முடியுமா, பரண்ல இருக்கற கொலு பொம்மையை யாருக்குக் குடுக்கறது... இதான் வழக்கமான சமாச்சாரம். அதுக்கு நடுவுல இது: துப்பாக்கி விளையாட்டு விளையாடற பிள்ளை நாளைக்கு நிஜத் துப்பாக்கி தூக்குவானாம். பத்துப் பேருக்குப் பகிரணுமாம். கீழ முப்பது பேர் கை கூப்பியிருந்தாங்க.

அந்தப் பயத்தை நான் கிண்டல் பண்ணப் போறதில்ல. ஊர்ல இருந்தா தாத்தா, சித்தப்பா, எதிர்வீட்டு அக்கான்னு பத்துக் கண்ணு பிள்ளை மேல இருக்கும். இங்க ரெண்டு பேரும் ஆபீஸ் விட்டு வர்ற வரைக்கும் பையனுக்குத் துணை ஒரு போன், ஒரு ஹெட்செட். பயம் வரத்தான் செய்யும். ஆனா எதைப் பாத்து பயப்படணுமோ அதை விட்டுட்டு வேற எதையோ பாத்து பயந்துட்டு இருக்கோம்.

முதல்லயே போட்டு உடைச்சிடறேன். இந்த ராணுவ விளையாட்டுகள்ல துப்பாக்கி இருக்கறது பெரிய பிரச்னை இல்ல. துப்பாக்கியை நம்பாதவனுக்கும் அதுல ஒரு மரியாதையான வேலை இருந்துச்சு. அந்த வேலையைக் கம்பெனிக்காரங்க கொஞ்சம் கொஞ்சமா காலி பண்ணிட்டு, அந்த இடத்துல ஒரு ஜவுளிக்கடையைத் திறந்துட்டாங்க. அதான் பிரச்னை. நாம "ரத்தம், ரத்தம்"னு கத்திட்டு இருக்கறதால அந்தக் கடை நம்ம கண்ணுல படறதே இல்ல.

நான் விளையாட்டு விமர்சகன் கிடையாது. பி.காம் முடிச்சு, பரீட்சை எழுதி, இருபது வருஷமா வங்கியில கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறவன். ஆனா வேலை தேடிட்டு இருந்த காலத்துல பிரவுசிங் சென்டர்ல நாலு பேர் சேர்ந்து விளையாடின தலைமுறையைச் சேர்ந்தவன். இப்ப பையன் விளையாடறதைப் பின்னாடி நின்னு பாக்கறவன். அதனால ரெண்டு காலமும் கொஞ்சம் தெரியும்.

கிளாஸ்னா என்ன?

விளையாடாதவங்களுக்காக. இந்த விளையாட்டுகள்ல களத்துல இறங்கறதுக்கு முன்னாடி "நான் யாரா போகப்போறேன்"னு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். அதுக்குப் பேருதான் கிளாஸ். வகுப்பறைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பொறுப்புன்னு வெச்சுக்குங்க.

2002ல ஸ்வீடன் கம்பெனி டைஸ் கொண்டுவந்த பேட்டில்ஃபீல்டு 1942ஐ எடுத்துக்குங்க. அதுல அஞ்சு பேர். தூரத்துலேருந்து பாத்துச் சொல்ற ஸ்கவுட், முன்னாடி போய்ச் சண்டை போடற அசால்ட், டாங்கியை உடைக்கற ஆன்டி-டேங்க், காயம் பட்டவனைத் தேத்தற மெடிக், உடைஞ்ச வண்டியைப் பழுது பாக்கற இன்ஜினியர். ஒருத்தன் செய்யறதை இன்னொருத்தன் செய்ய முடியாது. இன்ஜினியர் கையில ஸ்பேனர். எதிராளி டாங்கி வந்தா அவனுக்கு ஆன்டி-டேங்க்காரன் வேணும். நம்ம டாங்கி புகைஞ்சா எல்லாருக்கும் இன்ஜினியர் வேணும்.

அடுத்த வருஷம், 2003ல, உல்ஃபென்ஸ்டைன் எனிமி டெரிட்டரி இலவசமாவே வந்துச்சு. அதுலயும் அஞ்சு கிளாஸ். பாலம் கட்டணுமா, சுவத்துக்கு வெடி வைக்கணுமா, நின்னுபோன டாங்கியை நகத்தணுமா, இன்ஜினியர்தான் செய்யணும். சுடறதுல நீங்க எவ்வளவு பெரிய சூரனா இருந்தாலும் சரி. உங்க அணியில ஒருத்தன் "சரிப்பா, நான் இன்ஜினியரா போறேன்"னு சொல்லலைன்னா, எதிராளி எல்லாரையும் சுட்டுத் தள்ளினாலும் ஆட்டம் நகராது. தோத்துட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

2005ல பேட்டில்ஃபீல்டு 2. ஏழு கிளாஸ். இதுலதான் மெடிக் கையில அந்த மின்சார அதிர்ச்சிக் கருவி வந்துச்சு. விழுந்து கிடக்கறவன் நெஞ்சுல வெச்சா எழுந்து நிப்பான். இதுல ஒரு கணக்கு இருக்கு, வங்கிக்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. ரெண்டு அணிக்கும் ஆரம்பத்துல ஒரு இருப்பு குடுத்துடுவாங்க, அதுக்குப் பேரு டிக்கெட். செத்தவன் மறுபடி புதுசா இறங்கினா ஒரு டிக்கெட் பற்று. மெடிக் ஓடிப்போய் அவனை எழுப்பிட்டா அந்தப் பற்று விழாது. ஆக, கொல்றவன் எதிராளி கணக்குல பற்று எழுதறான், மெடிக் நம்ம கணக்குல விழவிருந்த பற்றைத் தடுக்கறான். ஆட்டம் முடிஞ்சு ரெண்டையும் ஒரே பேரேட்டுலதான் பாப்பாங்க.

2011ல வந்த பேட்டில்ஃபீல்டு 3ல இது இன்னும் பளிச். ஒருத்தனைச் சுட்டா 100 புள்ளி. விழுந்தவனை எழுப்பினாலும் அதே 100 புள்ளி.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காப்பாத்தறவனுக்கும் சுடறவனுக்கும் ஒரே மதிப்பு. நம்ம வீட்டுப் பிள்ளைங்க பாக்கற எந்த சினிமாவுல இப்படி ஒரு கணக்கு இருக்கு? நூறு பேரை அடிக்கற ஹீரோவுக்குத்தானே கட் அவுட்? கட்டுப் போடற கம்பவுண்டருக்கு யாராவது பால் ஊத்தி நீங்க பாத்திருக்கீங்களா?

வங்கிக் கிளையும் இதே கதைதான்

ஒரு கிளை ஓடறது எப்படி? கேஷியர், பாஸ் பண்ற ஆபீசர், கடன் பாக்கறவர், பெட்டகச் சாவி வெச்சிருக்கற ரெண்டு பேர், வவுச்சர் கட்டற கடைநிலை ஊழியர். ஒருத்தர் பதிஞ்சதை இன்னொருத்தர் பாத்துத்தான் அனுமதிக்கணும். இது வேகத்தைக் குறைக்கறதுக்காக வெச்சதில்ல, கிளையைக் காப்பாத்தறதுக்காக வெச்சது. சாயந்திரம் கேஷ் டேலி ஆகலைன்னா எல்லாரும்தான் உக்காந்திருக்கணும்.

இப்ப என்ன ஆச்சு? மேலேருந்து ஒரு பட்டியல் வருது. இந்த மாசம் யார் எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி வித்தாங்க. கேஷியருக்கும் டார்கெட், கடன் ஆபீசருக்கும் டார்கெட். பென்ஷன் வாங்க வர்ற பாட்டிக்குப் பொறுமையா படிவம் நிரப்பிக் குடுக்கறவருக்கு அந்தப் பட்டியல்ல இடமே கிடையாது. மெடிக் செய்யற வேலை அது. புள்ளி பூஜ்யம். எல்லாரையும் ஸ்னைப்பர் ஆக்கிட்டு, "ஏன் வாடிக்கையாளர் குறையறாங்க"ன்னு கூட்டம் போடறோம். எந்த வங்கின்னு கேக்காதீங்க, பென்ஷன் வேணும் எனக்கு :-)

சொல்ல வர்றது இதான். எதுக்குப் புள்ளி குடுக்கறமோ அதைத்தான் ஜனங்க செய்வாங்க. அது கிளையா இருந்தாலும் சரி, பதினாலு வயசுப் பையன் கையில இருக்கற போனா இருந்தாலும் சரி.

"அப்ப ரத்தம்? வன்முறை?"

வருவீங்கன்னு தெரியும். 2019ல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டன்ல 14, 15 வயசுப் பிள்ளைங்க ஆயிரத்துச் சொச்சம் பேரை எடுத்து ஆராய்ஞ்சாங்க. பிள்ளைங்க எந்த விளையாட்டு விளையாடறாங்கன்னு கேட்டுட்டு, அதுல வன்முறை எவ்வளவுன்னு அதிகாரபூர்வ தரச்சான்றை வெச்சே கணிச்சாங்க. நடத்தை எப்படின்னு பெத்தவங்ககிட்ட கேட்டாங்க. வன்முறை விளையாட்டுக்கும் பிள்ளைங்க முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு தெரியலைன்னுதான் முடிவு வந்துச்சு. ஒரு ஆய்வு வெச்சு எல்லாம் தீர்ந்துபோச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா வாட்ஸப்ல கை கூப்பறதை விட இது மேல்.

இன்னொரு உதாரணம். ஆர்மா 3ன்னு செக் நாட்டுக் கம்பெனி பொஹீமியா செஞ்ச ராணுவ விளையாட்டு. நிஜ ராணுவம் மாதிரியே இருக்கும், ரொம்பக் கறாரானது. அதுக்கு 2017ல போர்ச் சட்டங்கள் பத்தி ஒரு கூடுதல் பகுதி வெளியிட்டாங்க. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவோட ஆலோசனையும் அதுல உண்டு. அதுல நீங்க சிப்பாய் இல்ல. சண்டை ஓய்ஞ்ச ஊர்ல மிச்சம் கிடக்கற கண்ணிவெடியை எடுக்கற தொண்டு நிறுவன ஆள். வித்த முதல் வருஷ வருமானத்துல பாதியைச் செஞ்சிலுவைக்கே குடுத்தாங்க, 1,76,000 டாலருக்கு மேல.

அதே துப்பாக்கி, அதே ஊர், அதே புழுதி. பையனை யாரா இறக்கி விடறோம்கறதுதான் வித்தியாசம். கண்ணிவெடி எடுக்கறவனா இறக்கினா அவன் வேற பாடம் படிப்பான். இதுல வன்முறையை மட்டும் பாக்கறது, பற்றுப் பக்கத்தை மட்டும் கூட்டிட்டு ஐந்தொகை போடற மாதிரி.

அடிமைத்தனம்? அது நிஜம். உலக சுகாதார நிறுவனமே 2019ல விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விளையாடற பிள்ளைகிட்ட மெடிக் கிளாஸைப் பத்திப் பேசிட்டு இருக்க முடியாது, போனை வாங்கி வைக்கத்தான் வேணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா ஏன் விடாம விளையாடறான்னு கேட்டா, கதை அடுத்த பகுதிக்குத்தான் போகுது.

யார் கொன்னது?

முதல் குற்றவாளி விளையாடறவங்களேதான். மறைக்க வேண்டாம். 2016ல வந்த ஓவர்வாட்ச்சைப் பாருங்க. அது ராணுவக் கதை இல்லைன்னாலும் குழுவா சுடற விளையாட்டுதான். அடி வாங்கித் தாங்கறவன், அடிக்கறவன், தேத்தறவன்னு மூணு விதம். ஆனா முக்கால்வாசிப் பேருக்கு அடிக்கறவனா போகத்தான் ஆசை. ஒரே அணியில ஆறு பேரும் அடிக்கப் போய்ட்டா, தேத்த ஆள் எங்க? பொறுத்துப் பாத்த கம்பெனி 2019ல ஒரு சட்டம் போட்டுச்சு: அணிக்கு ரெண்டு தாங்கறவன், ரெண்டு அடிக்கறவன், ரெண்டு தேத்தறவன், அவ்வளவுதான். உடனே அடிக்கறவன் வரிசை அனுமார் வாலாட்டம் நீண்டுச்சு. அடுத்த வருஷம், மத்த வேலையை எடுத்துக்கறவங்களுக்கு வரிசையில முந்திப் போக ஒரு சீட்டு குடுத்தாங்க. சிறப்பு தரிசன டிக்கெட் மாதிரி!

சிரிக்கலாம். ஆனா கம்பெனி அந்த இடத்துல வேலைகளை விட்டுக் குடுக்கலை. வரிசையில நில்லுங்கடான்னு சொல்லுச்சு. அதை நான் மதிக்கறேன்.

பேட்டில்ஃபீல்டு அப்படி நிக்கலை. இருபது வருஷமா கிளாஸை வெச்சே பேர் வாங்கினவங்க, 2021 நவம்பர்ல பேட்டில்ஃபீல்டு 2042ஐக் கொண்டுவந்தப்ப கிளாஸைத் தூக்கிட்டாங்க. அதுக்குப் பதிலா ஸ்பெஷலிஸ்டுன்னு பேர் வெச்ச, தனி முகம், தனி உடை, தனி வசனம் இருக்கற பத்துப் பேர். யார் வேணும்னாலும் எந்தத் துப்பாக்கியையும் தூக்கலாம், மருந்துப் பெட்டியையும் தூக்கலாம். தூக்கலாம்னா யாரு தூக்குவா? கல்யாண வீட்டுல "யார் வேணும்னாலும் பந்தி பரிமாறலாம்"னு சொல்லிப் பாருங்க, எல்லாரும் இலையில உக்காந்திருப்பாங்க. இன்னொரு கூத்து, ரெண்டு அணியிலயும் அதே பத்து முகம். நம்மாளா எதிராளியான்னே சட்டுன்னு தெரியலைன்னு விளையாடினவங்க திட்டித் தீர்த்தாங்க. திட்டு தாங்காம 2023 ஜனவரியில கிளாஸைத் திரும்பக் கொண்டுவந்தாங்க.

2025 அக்டோபர்ல வந்த பேட்டில்ஃபீல்டு 6ல நாலு கிளாஸ் ஆரம்பத்துலேருந்தே இருக்கு. விழுந்தவனை இழுத்துட்டுப் போய் மறைவுல வெச்சு எழுப்பற வசதியும் இருக்கு, நல்ல விஷயம். ஆனா துப்பாக்கி விஷயத்துல மறுபடி கதவைத் திறந்தே வெச்சிருக்காங்க. எந்தக் கிளாஸும் எந்தத் துப்பாக்கியும் எடுக்கற ஆட்டம்தான் பொது. பழைய கட்டுப்பாடு வேணும்னா அதுக்குத் தனி ஆட்டம்.

ஏன் இப்படி? கம்பெனி மனசுக்குள்ள போய் நான் பாக்கலை. ஆனா வணிகவியல் படிச்சவனுக்கு ஒண்ணு புரியும். மெடிக்ங்கற வேலையை விக்க முடியாது. மெடிக்கோட சட்டையை விக்கலாம். ஒரு முகம், ஒரு பேர், ஒரு ஸ்டைல் இருந்தா அதுக்கு நூறு சட்டை விக்கலாம். சீருடைக்குள்ள இருக்கற பேரில்லாத சிப்பாய்க்கு எத்தனை சட்டை விப்பீங்க?

சட்டை சும்மா அழகுக்குத்தானேன்னு சொல்லாதீங்க. 2007ல வால்வ் கம்பெனி டீம் ஃபோர்ட்ரெஸ் 2ஐ வெளியிட்டுச்சு. ஒன்பது கிளாஸ். தூரத்துலேருந்து வெறும் உருவ நிழலைப் பாத்தாலே மெடிக் யாரு, ஹெவி யாருன்னு தெரியணும்னு திட்டம் போட்டு வரைஞ்சதா அவங்களே அப்ப விளக்கினாங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அடிபட்டவன் கண்ணு முதல்ல தேடறது மெடிக்கை. ஆஸ்பத்திரியில வெள்ளைச் சட்டையைத் தேடற மாதிரி. அதே விளையாட்டுல 2009ல தொப்பி வந்துச்சு, 2010ல கடை வந்துச்சு, பூட்டின பெட்டி வந்துச்சு, பெட்டிக்குச் சாவி காசுக்கு வந்துச்சு. உள்ள என்ன இருக்கும்னு திறந்தாத்தான் தெரியும். ஒன்பது கிளாஸ் அதுல இன்னிக்கும் இருக்கு, மறுக்கலை. ஆனா கடைக்கு வழி காட்டினதும் அதே விளையாட்டுதான்.

நம்ம நாட்டுக் கதை

நம்ம பிள்ளைங்க விளையாடறது பெரும்பாலும் இது எதுவுமே இல்ல, போன்ல வர்ற விளையாட்டு. 2018ல போன்ல பப்ஜி வந்துச்சு. 2020 செப்டம்பர்ல மத்திய அரசு மத்த செயலிகளோட சேர்த்துத் தடை பண்ணுச்சு. 2021 ஜூலையில பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியான்னு வேற பேர்ல வந்துச்சு. 2022 ஜூலையில காணாம போச்சு, 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு. நம்ம பஸ் ஸ்டாண்டு ஆக்கிரமிப்பு கடை மாதிரி :-)

அதோட முக்கிய ஆட்டத்துல நூறு பேர் குதிப்பாங்க, கிளாஸ் கிடையாது. எல்லாரும் ஒண்ணுதான், கிடைச்சதை அள்ளிக்க வேண்டியதுதான். நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், விழுந்தவனைத் தட்டி எழுப்பலாம். அது மட்டும்தான் பழைய மெடிக்கோட மிச்சம். ஆனா "நான் தேத்தறவன்"னு யாரும் இறங்கறதில்ல. எல்லாரும் ஸ்னைப்பர். எல்லாரும் ராஜா. பல்லக்கு தூக்க ஆளில்ல.

ஃப்ரீ ஃபயர் இன்னும் ஒரு படி மேல. அதுல பக்கத்துல இருக்கறவனுக்கு உயிர் ஏத்தற சக்தி இருக்கற ஒரு பாத்திரம் உண்டு. நல்ல மெடிக்தானேன்னு நினைச்சா, ரொம்ப நாளைக்கு அந்தப் பாத்திரத்தை டைமண்டு குடுத்துத்தான் வாங்கணும்னு வெச்சிருந்தாங்க. டைமண்டு காசுக்கு. அதாவது, அடுத்தவனைக் காப்பாத்தற வாய்ப்பையே கடை அலமாரியில விலைச்சீட்டு ஒட்டி வெச்சிட்டாங்க. இதை விடக் கேவலமா ஒரு வியாபாரம் எனக்குத் தெரியலை.

2021ல அந்த இந்தியப் பதிப்பு வந்தப்ப, பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு விதிமுறை அறிவிச்சாங்க. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம், செலவுக்கு உச்சவரம்பு 7000 ரூபாய். பத்திரிகைகள்லாம் மூணு மணி நேரத்தைத்தான் பெருசா எழுதுச்சு. அந்த ஏழாயிரம் மாசத்துக்கு இல்லய்யா, ஒரு நாளைக்கு! முப்பதால பெருக்குங்க. மாசம் 2,10,000. எங்க கிளையில வீட்டுக்கடன் கேட்டு வர்ற எத்தனை பேருக்கு அந்த மாச வருமானம் இருக்கு? இதுக்குப் பேரு குழந்தைகள் பாதுகாப்பு விதியாம்.

என் மேசைக்கு ஒருத்தர் வந்தார். லேத் பட்டறை வெச்சிருக்கறவர். கணக்குப் புத்தகத்துல நாலு மாசமா 89, 449, 899னு சின்னச் சின்னதா பற்று. மொத்தம் கூட்டினா முப்பதாயிரத்தைத் தாண்டுது. பையன் அப்பா போன்ல, அப்பா பின் நம்பரைப் போட்டு வாங்கினது. நான் விளக்கிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சார், இது ரத்தம் வர்ற கேமா?"

முப்பதாயிரம் போச்சு. அவருக்கு ரத்தம் வருதான்னு தெரியணும். இல்லைன்னா கொஞ்சம் நிம்மதி. அவரைக் குத்தம் சொல்லலை. இருபது வருஷமா டி.வி.யும் பேப்பரும் வாட்ஸப்பும் அந்த ஒரே கேள்வியைத்தான் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்கு.

"இது வர்ணாசிரமம் இல்லையா?"

ஒரு நண்பர் இப்படிக் கேட்டார். "ஒருத்தன் சுடணும், ஒருத்தன் கட்டுப் போடணும், ஒருத்தன் ஸ்பேனர் பிடிக்கணும்னு பிரிச்சு வைக்கறது நம்ம பழைய சாதிக் கணக்குதானே? யார் வேணும்னாலும் எது வேணும்னாலும் செய்யறதுதானே சமத்துவம்?"

நல்ல கேள்வி. பதில் விளையாட்டுக்குள்ளயே இருக்கு. ஒவ்வொரு தடவை செத்துப் புதுசா இறங்கறப்பவும் திரையில அந்தப் பட்டியல் வரும். போன தடவை ஸ்னைப்பரா இருந்தவன் இந்தத் தடவை மெடிக். எவனும் மெடிக்கா பிறக்கறதில்ல, மெடிக்கோட பிள்ளைதான் மெடிக்குன்னும் இல்ல. அதைவிட முக்கியம், ஸ்பேனர் பிடிக்கறவனுக்கும் சுடறவனுக்கும் புள்ளி ஒரே பேரேட்டுல. சாதிக் கணக்குல என்னிக்காவது அப்படி இருந்திருக்கா? பிறப்பால பூட்டி வைக்கறது சாதி. "இந்த ஆட்டத்துல இவங்களுக்கு என்ன தேவையோ அதை நான் எடுத்துக்கறேன்"னு சொல்றது பொறுப்பு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க.

அதுவும் நம்மள மாதிரி வெளியூர்ல பொழைக்கறவங்களுக்கு இது புரியாதா? இந்த ஊருக்கு வந்த புதுசுல நமக்கு உதவினது யாரு? பெரிய பதவியில இருக்கற தமிழரா? கேஸ் இணைப்பு வாங்கிக் குடுத்தவர், பள்ளிக்கூட அட்மிஷனுக்கு இந்தியில விண்ணப்பம் எழுதிக் குடுத்தவர், பிரசவத்துக்கு ரசம் வெச்சுக் கொண்டு வந்த அந்த அக்கா. ஊர்லேருந்து அம்மா வர முடியாதப்ப அம்மாவா நின்னவங்க. அத்தனை பேரும் மெடிக். ஒருத்தருக்கும் கட் அவுட் கிடையாது. ஆனா அவங்க இல்லைன்னா நாம பெட்டியைக் கட்டிட்டு ஊர் திரும்பியிருப்போம்.

சரி, என்ன செய்யலாம்?

ஒண்ணு. ஒட்டுமொத்தமா தடை பண்றது வேலைக்கு ஆகாது. இன்னொரு காரணமும் இருக்கு. என் பையன் பள்ளிக்கூடத்துல இந்தி, டியூஷன்ல இங்கிலீஷ். வீட்டுல தங்கமணி தமிழ்ல கேட்டா பாதி நேரம் இந்தியில பதில் வரும். ஆனா ராத்திரி எட்டரை மணிக்கு ஹெட்செட்டை மாட்டிட்டு, விருதுநகர்ல இருக்கற சித்தப்பா பையனோடயும் சார்ஜாவுல இருக்கற அத்தை பையனோடயும் விளையாட உக்காந்தா, அப்படி ஒரு தமிழ் பேசறான்! "அண்ணா, பின்னாடி ஒருத்தன் இருக்கான், குனிங்க"ன்னு. ஊர்ல வருஷத்துக்குப் பத்து நாள் பாக்கற சொந்தத்தை அவன் வாரத்துக்கு ரெண்டு நாள் பாக்கறது அங்கதான். அதை மொத்தமா பிடுங்கிட்டு, கோடை விடுமுறையில "அண்ணன்கிட்ட பேசுடா"ன்னா என்னத்தைப் பேசுவான்?

ரெண்டு. எந்த விளையாட்டுன்னு பாருங்க. வேலை பிரிச்சு, பொறுப்பு குடுத்து, காப்பாத்தறவனுக்கும் புள்ளி குடுக்கற விளையாட்டா, இல்ல அள்ளிக்கோ-சுடு-சட்டை வாங்குன்னு மட்டும் ஓடற விளையாட்டா? முதல் வகையிலயும் வயசு வரம்பு இருக்கு, அதையும் பாருங்க. பத்து வயசுப் பையனுக்கு இதெல்லாம் வேண்டாம். பதினாறு வயசுப் பையனோட உக்காந்து பேசலாம்.

மூணு. அரசாங்கத்துக்கிட்ட கேக்க வேண்டியதைச் சரியாக் கேளுங்க. 2025 ஆகஸ்டுல நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் கொண்டுவந்துச்சு. அதோட முக்கியக் குறி, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கற ஆட்டங்கள். நல்லதுதான். ஆனா பணம் கட்டிப் பெட்டி திறந்து, அதுல சட்டை வருமா சாக்கு வருமான்னு பாக்கற ஆட்டம்? பெல்ஜியம் 2018லயே அந்த மாதிரிப் பெட்டியை சூதாட்டம்னு சொல்லிடுச்சு. நாம இன்னும் ரத்தத்தோட நிறத்தைப் பத்தி விவாதம் பண்ணிட்டு இருக்கோம்.

நாலு. இது செலவில்லாத வேலை. பையன் ஹெட்செட்டைக் கழட்டினதும் நாம கேக்கற கேள்வியை மாத்தணும். "எத்தனை பேரைச் சுட்டே?"ன்னு சில அப்பாக்கள் பெருமையாக் கேக்கறதைப் பாத்திருக்கேன். "எப்பப் பாரு சுட்டுக்கிட்டே இரு"ன்னு சில அம்மாக்கள் திட்டறதையும் கேட்டிருக்கேன். ரெண்டுலயும் சுடறதுக்கு மட்டும்தான் இடம் இருக்கு. "இன்னிக்கு யாரா போனே? யாரை எழுப்பினே? உன்னை யாரு எழுப்பினா?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில் இல்லைன்னா, அந்த விளையாட்டுல எழுப்பறவனுக்கு இடமில்லைன்னு அர்த்தம். அதை மாத்தச் சொல்லுங்க. பதில் இருந்தா உக்காந்து கேளுங்க.

வாட்ஸப்புல அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தா கை கூப்பறதுக்கு முன்னாடி போன மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு தடவை திறந்து பாருங்க. பயப்பட வேண்டியது அதுக்குள்ள இருக்கலாம்.

பி.கு.: பிள்ளை உங்க பின் நம்பரைப் போட்டு வாங்கினதை "எனக்குத் தெரியாம போச்சு"ன்னு வங்கியில சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கறது ரொம்பக் கஷ்டம். ரிசர்வ் வங்கியோட 2017 சுற்றறிக்கை மூணாம் மனுஷன் திருடினா வாடிக்கையாளரைக் காப்பாத்துது. ஆனா ரகசிய எண்ணை நாமளே குடுத்துட்டா, வங்கிக்குத் தெரிவிக்கற வரைக்கும் ஆன நட்டம் நம்ம தலையிலதான். அதனால பின் நம்பரை மாத்துங்க. பிள்ளையோட பிறந்த தேதியை வெச்சிருக்கறவங்க இன்னிக்கே மாத்துங்க, அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும் :-)